இடது பக்கம் நின்ற மாப்பிள்ளை

அந்தச் சலவைக் கூடத்தில் தப்புப் பண்ணினால் சம்பளத்தைப் பிடிக்கமாட்டார்கள். பேர் வைத்துவிடுவார்கள். வெள்ளை விரிப்புகளோடு ஒரு நீலத் துணியைக் கவனிக்காமல் போட்டு, எந்திரம் நிறைய ஆஸ்பத்திரி விரிப்பை ஆகாய நிறத்துக்கு மாற்றியவர் அன்றிலிருந்து ‘நீலம்’. டாக்டர் அங்கியைப் பொத்தானோடு சூட்டு உருளைக்குள் விட்டு, பொத்தானெல்லாம் படபடவென்று வெடித்துச் சிதற வைத்த அக்கா ‘பொத்தான்’. மோட்டாரைக் கழற்றி மாட்டியபிறகு கையில் ஒரு நட்டு மிச்சமாகி, “இது எதுலேர்ந்து வந்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா?” என்று கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்த மெக்கானிக் ‘நட்டு’. அவர்களுக்கெல்லாம் வீட்டில் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

இந்தப் பேர்களை வைத்தது ஒரே ஆள். இஸ்திரிப் பகுதியின் மேஸ்திரி. நேரில் எல்லாரும் அவரை அண்ணே என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கும் ஒரு பேர் இருந்தது. விரிப்பின் ஓரத்தில் ஆஸ்பத்திரிப் பேரை மையால் குத்தியிருப்பார்களே, எத்தனை தடவை வெளுத்தாலும் போகாதே, அதை வைத்து அவருக்கு ‘முத்திரை’ என்று பேர். கூடத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்த அந்தப் பேர் அவர் காதுக்கு மட்டும் எட்டியதே இல்லை.

முத்திரையைக் கெட்ட மனுஷன் என்று சொன்னால் சொல்கிறவன் நாக்கு அழுகிப்போகும். யார் வீட்டில் என்ன என்றாலும் முதலில் போய் நிற்கிற ஆள். தள்ளுவண்டி தள்ளுகிறவராக உள்ளே வந்து, கையும் காலும் வெந்து மேலே வந்தவர். அந்தக் கூடத்துச் சூட்டில் வேலை செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே சட்டை முதுகோடு ஒட்டி, தலை கிறுகிறுக்கும். அந்த நேரத்தில் அவர் ஒன்று சொல்வார். கூடமே குலுங்கிச் சிரிக்கும். ஒரு வண்டித் துணி எப்படி முடிந்தது என்றே தெரியாமல் முடிந்துபோகும். தன் வாயால்தான் இந்த இடம் ஓடுகிறது என்று அவர் நம்பினார். பாதி உண்மையும்கூட.

வீட்டில் அவர் சம்சாரம் மட்டும், “ஊரான் துணியெல்லாம் மடிக்கறீங்க, அந்த வாயையும் கொஞ்சம் மடிச்சு வெச்சா என்ன?” என்பாள். அதையும் மறுநாள் கூடத்தில் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

அவருக்கு எதிரில் நின்று வேலை செய்தவர் அவருடைய தங்கச்சி வீட்டுக்காரர். கல்யாணம் ஆன கையோடு முத்திரைதான் அவரை அங்கே சேர்த்துவிட்டார். இஸ்திரி எந்திரம் என்பது ஒரு ஆள் படுக்கிற நீளத்தைவிடப் பெரிய சூட்டு உருளை. முன்னால் இரண்டு பேர் நின்று, ஈர விரிப்பின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, உதறி, சுருக்கமில்லாமல் உருளைக்குள் விட வேண்டும். பின்பக்கம் அது காய்ந்து தகடு மாதிரி வரும். அங்கே பொத்தானும் இன்னொரு பெண்ணும் மடிப்பார்கள். முன்னால் நிற்கிற இருவருக்கும் பேச்சே தேவையில்லை. ஒருத்தர் தோள் ஏறுவதைப் பார்த்து மற்றவர் உதற வேண்டும். மச்சானும் மாப்பிள்ளையும் அப்படி எத்தனை ஆயிரம் விரிப்பை உதறினார்களோ, கணக்கில்லை.

மாப்பிள்ளை பேசாத ஆள். ஒரு கேள்வி கேட்டால் இரண்டு விரிப்பு போனபிறகு பதில் வரும். கூடத்தில் பேர் வாங்காத ஒரே ஆளும் அவர்தான்.

“மாப்ள, நீ ஒரு தப்பாவது பண்ணுய்யா. உனக்கு ஒரு பேர் வெக்காம எனக்கு ரிட்டையர்மெண்ட்டே கிடையாது” என்பார் முத்திரை.

“பாக்கலாம் மச்சான்” என்பார் மாப்பிள்ளை, இரண்டு விரிப்பு கழித்து.

அப்போதுதான் புது மேனேஜரம்மா வந்தாள். குள்ளமான பெண். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே வந்து, கவிழ்த்துப்போட்ட துணிக்கூடையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். வந்த கொஞ்ச நாளில் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தாள். வாரக் கடைசியில் எந்திரங்களை நிறுத்தி, அரை மணி நேரம் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும். அந்த வாரம் என்ன தப்பாகப் போனது, ஏன் போனது, அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று பேச வேண்டும்.

“யாரு பண்ணினதுங்கற பேச்சு இந்த அரை மணிக்குள்ள வேண்டாம். என்ன நடந்துச்சுன்னு மட்டும் பேசுவோம்” என்றாள்.

“யாருன்னு இல்லாம எப்படி மேடம்? தப்பு தானா நடந்து வந்து எந்திரத்துல ஏறிக்குமா?” என்றார் முத்திரை.

கூடம் சிரித்தது. மேனேஜரம்மாவும் சிரித்தாள். அன்றைக்கு வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் ஒன்றிரண்டு பேச்சு வந்தது. பொத்தான்தான் முதலில் சொன்னாள். அங்கி வருகிற வண்டியும் விரிப்பு வருகிற வண்டியும் ஒரே சாம்பல் நிறம், அவசரத்தில் கை மாறிப்போகிறது என்றாள். மேனேஜரம்மா மறுநாளே அங்கி வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். அதற்குப்பிறகு ஒரு பொத்தானும் வெடிக்கவில்லை. இத்தனை வருஷமாக எல்லாரும் பொத்தான் பொத்தான் என்று சிரித்தோமே, ஒரு டப்பா பெயிண்ட்டில் முடிகிற விஷயமா இது என்று நீலம் அதிசயப்பட்டார்.

முத்திரைக்கு அது உள்ளுக்குள் எங்கேயோ குத்தியது. தான் வைத்த பேரின் வேரை யாரோ அறுத்துவிட்ட மாதிரி இருந்தது. “எந்திரம் ஓடற நேரத்துல வட்டமா உக்காந்து கதை பேசறதுக்குச் சம்பளம்” என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். உட்காரும் நேரத்தில் இன்னும் அதிகமாகக் கிண்டலடித்தார்.

அப்படி ஒரு உட்காரலில்தான் மாப்பிள்ளை எழுந்தார். பேசாத ஆள் எழுந்ததும் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உருளைக்கு முன்னால், விரல் போகிற உயரத்தில், எந்திரத்தின் நீளத்துக்கும் ஒரு இரும்புக் கட்டை இருக்கும். கை உள்ளே போகப்போனால் முதலில் அதில் இடிக்கும். இடித்தால் உருளை நின்றுவிட வேண்டும். அதற்குத்தான் அது. தடுப்புக் கட்டை என்பார்கள்.

“அந்தக் கட்டை... இடது பக்கம்... முந்தாநாள் என் கையுறை உருளையில மாட்டிக்கிச்சு. நான் இழுத்து எடுத்துட்டேன். ஆனா அது...” மாப்பிள்ளை வார்த்தை தேடினார். கையைத் தூக்கி, கட்டை எப்படி அசைந்தது என்று காட்டப்போனார். பார்ப்பதற்கு யார் கையையோ பிடிக்க நீட்டுகிற மாதிரி இருந்தது.

முத்திரைக்கு வாய் பொறுக்கவில்லை.

“என்ன மாப்ள, வீட்ல என் தங்கச்சி கையப் புடிக்க விடலைன்னு இங்க வந்து ரோலர் கையப் புடிக்கப் போனியா?”

கூடம் வெடித்தது. நீலம் கூடையிலிருந்து சரிந்தார். பொத்தான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“வெச்சாச்சு! ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான். இன்னையிலேர்ந்து ரோலர் மாப்பிள்ளை!”

மாப்பிள்ளையும் சிரித்தார். தூக்கிய கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜரம்மா, “நீங்க சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே” என்றாள்.

“ஒண்ணுமில்ல மேடம். கையுறை கொஞ்சம் லூசு. அவ்வளவுதான்.”

வேறு கையுறை வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை இடது பக்கம் வந்து நின்றார். அதுவரைக்கும் இருவரும் ஒரு நாள் அந்தப் பக்கம், ஒரு நாள் இந்தப் பக்கம் என்று மாறி மாறித்தான் நிற்பார்கள். அன்றைக்கு முத்திரையின் முறை.

“மாப்ள, இன்னைக்கு என் பக்கம்யா அது.”

“நீங்க அந்தப் பக்கமே நில்லுங்க மச்சான். எனக்கு இங்கதான் நல்லா இருக்கு.”

“என்ன நல்லா இருக்கு?”

இரண்டு விரிப்பு போனது. “காத்து வருது” என்றார் மாப்பிள்ளை.

“காத்து வாங்கற வயசாயிடுச்சா ரோலர் மாப்ள? சரி, வாங்கு.”

அதற்குப்பிறகு அவர் தினமும் இடது பக்கம்தான். முத்திரை மறுபடி கேட்கவே இல்லை.

வெயில் ஏறிய ஒரு நாள். துணி மலையாகக் குவிந்திருந்தது. ஈர விரிப்பு ஒன்றின் மூலையில் முடிச்சு விழுந்திருந்தது. யாரோ நோயாளியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், அவிழ்க்காமல் அப்படியே போட்டிருப்பார்கள். முடிச்சு உருளை வாய்க்குப் போன பிறகுதான் மாப்பிள்ளை பார்த்தார். அவிழ்க்க இடது கையை நீட்டினார். விரல் கட்டையில் இடித்தது. கட்டை அசைந்தது. உருளை நிற்கவில்லை.

மாப்பிள்ளையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. எதிரில் நின்ற முத்திரை நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை உருளையோடு கை கோத்துக்கொண்டு நிற்கிற மாதிரி தெரிந்தது. அந்தப் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

“என்ன ரோலர் மாப்ள, மறுபடியும்...”

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரிந்துவிட்டது. தன் பக்கத்துக் கட்டையை முழங்கையால் ஓங்கி இடித்தார். உருளை நின்றது. ஆனால் ஒரு மூச்சு விடுகிற நேரம் போய்விட்டது. அந்தச் சூட்டில் ஒரு மூச்சு நேரம் என்றால் அது கொஞ்சமில்லை.

கை பிழைத்தது. மூன்று விரல் பிழைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தன, ஆனால் மடங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த விரிப்பு அவர்கள் கூடத்தில் வெளுத்ததுதான். ஓரத்தில் மை முத்திரை இருந்தது. முத்திரை அதைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தங்கச்சி வராண்டாவில் நின்றிருந்தாள்.

“கவலப்படாத தங்கச்சி, நான் இருக்கேன்ல” என்றார்.

“அந்தக் கட்ட சரியில்லைன்னு உனக்குத் தெரியுமா அண்ணே?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்? மாப்ள என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

தங்கச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சொல்ல வந்தாராம். எல்லாரும் சிரிச்சீங்களாம்” என்றாள். அழவில்லை, திட்டவில்லை. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அந்த வாரக் கடைசியில் மேனேஜரம்மா எல்லாரையும் உட்காரச் சொன்னாள். எந்திரம் மூடிக் கிடந்தது. அவள் முகம் வீங்கியிருந்தது.

“யாருன்னு இன்னைக்கும் கேக்கப்போறதில்ல. என் மேலயும் தப்பு இருக்கு. அவரு எழுந்து நின்னப்போ நான் அவர முழுசாப் பேச வெச்சிருக்கணும், விட்டுட்டேன். அந்தக் கட்டையப் பத்தி யாருக்காவது முன்னாடியே எதாவது தெரிஞ்சிருந்தா சொல்லுங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி.”

முதலில் நட்டு தொண்டையைச் செருமினார்.

“வாரா வாரம் கட்டைய இடிச்சுப் பாக்கறது என் வேலை. இடது பக்கம் எப்பவும் ஈரத்துணி வண்டி நிக்கும். அத நகர்த்தச் சோம்பல். வலது பக்கம் இடிச்சுப் பாத்துட்டு ரெண்டு பக்கமும் சரின்னு போயிடுவேன்.”

நீலம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒரு தடவ நான் தள்ளின வண்டி போய் அந்தக் கட்டையில இடிச்சுது. உருளை நிக்கல. நல்லவேளை நிக்கல, நின்னிருந்தா வேலையக் கெடுத்தேன்னு திட்டு விழுந்திருக்கும்னு சந்தோஷப்பட்டேன்.”

பொத்தான் அழ ஆரம்பித்திருந்தாள். “அவரு டீ குடிக்கப் போனப்போ ஒரு நாள் நான் அந்தப் பக்கம் நின்னேன். கட்டையில கை பட்டுச்சு, நிக்கல. நான்தான் சரியா அழுத்தலையோன்னு நெனச்சேன். அவரு வந்து பாத்துட்டு, ‘அக்கா, இனிமே நான் இல்லாதப்போ இடது பக்கம் யாரும் நிக்க வேணாம்’னாரு. ஏன்னு கேக்கல நான்.”

ஆளுக்கொரு துண்டாக எல்லாரிடமும் இருந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் எல்லாரும் கையிலிருந்ததை நடுவில் போட்டிருந்தால், பார்வையில்லாதவனுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

“ஏன் யாருமே சொல்லல?” என்றாள் மேனேஜரம்மா.

“சொன்னா பேர் வெச்சிருவாங்க மேடம்” என்றாள் பொத்தான்.

“முத்திரை ஒரு தடவ குத்திட்டா, அப்புறம் எங்க போகும்!” என்றார் நீலம். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“முத்திரையா? யாருய்யா அது?” என்றார் மேஸ்திரி.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. அதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் தன் பேச்சுக்கு விழுந்த சிரிப்பென்று நினைத்துக்கொண்டிருந்தது அவர்களுடைய பயத்தின் சத்தம். எவன் பேர் அடுத்தது என்று தெரியாதவர்கள், இன்றைக்கு நம் பேர் இல்லை என்று சிரித்த சிரிப்பு.

“நீங்க எதாவது சொல்லணுமா மேஸ்திரி?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்” என்றார். அப்போது அவர் அதை நிஜம் என்றுதான் நினைத்தார்.

திங்கட்கிழமை காலையில் யாரும் வருவதற்கு முன்னால் கூடத்துக்குப் போனார். கட்டையின் இடது முனையில் புது ஸ்பிரிங் பளபளவென்று இருந்தது. இடது பக்கம் போய் நின்று பார்த்தார். முதுகுக்குப் பின்னால் துணி உலர்த்தும் எந்திரம் வரிசையாக நின்றது. ஓடாத நேரத்திலேயே அதிலிருந்து பழைய சூடு அடித்தது. ஜன்னல் எல்லாம் வலது பக்கம். இந்தப் பக்கம் காற்று வர வழியே இல்லை. எத்தனையோ வருஷம் அவரே நின்று வெந்த இடம். காற்று வருகிறது என்று மாப்பிள்ளை சொன்ன அன்றைக்கே அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான். எல்லாரையும் போல அவர் கையிலும் ஒரு துண்டு இருந்திருக்கிறது. அதையும் கிண்டலாக்கித் தின்றுவிட்டார்.

அன்று சாயந்திரம் தங்கச்சி வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். முத்திரை உதவப் போனார். “இருக்கட்டும் மச்சான், பழகிக்கறேன்” என்றார் மாப்பிள்ளை. தங்கச்சி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

“மாப்ள, அன்னைக்கு நீ சொல்ல வந்தியே... மிச்சம் என்ன?”

மாப்பிள்ளை யோசித்தார். இரண்டு விரிப்பு போகிற நேரம்.

“பெருசா ஒண்ணுமில்ல மச்சான். கட்டை நிக்கல, நட்டுவ வந்து பாக்கச் சொல்லுங்கன்னு சொல்ல வந்தேன். அவ்வளவுதான்.”

“அப்புறமாவது என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாம்லய்யா.”

“சொல்லியிருக்கலாம். ஆனா எல்லாரும் சிரிச்சப்புறம் எனக்கே அது சின்ன விஷயமாத் தோணிப்போச்சு. இதப் போய் பெருசா சொல்ல வந்தமேன்னு வெக்கமா இருந்துச்சு. சரி, நாம அந்தப் பக்கம் நின்னுக்கிட்டாப் போச்சு, ஜாக்கிரதையா இருந்துக்கலாம்னு நெனச்சேன்.”

“நான் நிக்கக் கூடாதுன்னு நீ நின்னியா?”

“உங்களுக்குப் பேசிக்கிட்டே வேலை செய்யற பழக்கம்ல” என்றார் மாப்பிள்ளை. குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னார்.

முத்திரை தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, “துணி எண்ணற மேசையில உனக்கு வேலை போடச் சொல்லியிருக்கேன். உக்காந்து பாக்கற வேலை. மேடம் சரின்னுட்டாங்க. நீ வா மாப்ள. எதிர்ல வேற ஆள் நின்னு உதறுனா எனக்குக் கையே வர மாட்டேங்குது” என்றார்.

“கார் நிறுத்தற இடத்துல சீட்டு கிழிக்கற வேலை கெடச்சிருக்கு மச்சான். ஒத்தக் கை போதும்.”

“நம்ம இடம் இருக்கும்போது அது எதுக்குய்யா?”

மாப்பிள்ளை இந்தத் தடவை உடனே பதில் சொன்னார். “அங்க வந்தா எல்லாரும் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடப் பயப்படுவாங்க. உங்களையும் ஒரு மாதிரி பாப்பாங்க. வேணாம்.”

அதற்குமேல் கெஞ்ச முத்திரைக்கு வாய் வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது அடுப்படிப் பக்கம் பார்த்து, “வர்றேன் தங்கச்சி” என்றார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

இப்போதும் வாரக் கடைசியில் உட்காருகிறார்கள். முத்திரை யாருக்கும் பேர் வைப்பதில்லை. பழைய பேர்களைக்கூடச் சொல்லாமல் நீலத்தை “தம்பி” என்றும் பொத்தானை “அம்மா” என்றும் கூப்பிடுகிறார். அவர்களுக்கு அது இன்னும் பழகவில்லை. எதிரில் நின்று உதறுகிற புது ஆளுக்கு அவர் தோளைப் படிக்கத் தெரியவில்லை. “இப்போ” என்று வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில்.

போன உட்காரலில், துணி பிரிக்கிற இடத்தில் வேலை செய்யும் ஒருத்தி எழுந்தாள். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அழுக்குத் துணியோடு எதையோ கவனிக்காமல் எந்திரத்துக்கு அனுப்பிவிட்டாளாம். “அது வந்து... மூட்டைய அவிழ்க்கும்போது...” என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு முத்திரையின் முகத்தைப் பார்த்தாள். அவளைத் தொடர்ந்து எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“சொல்லும்மா” என்றார் அவர். அந்தக் கரகரத்த குரலில் அது அதட்டல் மாதிரிதான் வந்தது. அவள் இன்னும் சுருங்கினாள். சும்மா இருந்து பார்த்தார். அவர் சும்மா இருப்பது அதைவிட மோசமாக இருந்தது. அடுத்து என்ன வரப்போகிறதோ என்று கூடமே காத்துக் கிடந்தது.

முத்திரை எழுந்தார்.

“டீ வந்திருக்கும், நான் போய் எடுத்துட்டு வர்றேன். நீங்க பேசுங்க.”

“டீ வர இன்னும் நேரம் இருக்கே மேஸ்திரி” என்றாள் மேனேஜரம்மா.

“இருக்கட்டும் மேடம்.”

வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, காலி வண்டி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தார். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே அந்தப் பெண்ணின் குரல் மெல்ல ஆரம்பித்தது. தயங்கியது. பிறகு தொடர்ந்தது. நடுவில் யாரோ ஏதோ கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. கடைசி வரைக்கும் சொல்லி முடித்தாள் என்பது மட்டும் தெரிந்தது.